‘சாப்பிடு, போலீஸ் வருது’

தம்பி,

‘நலம், நலமறிய ஆவல்’ என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நீ இருக்கும் இடத்துக்கு அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தமிழ் தெரிந்த யாராவது இதைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன் கையில் கொடுப்பார்கள் என்று வக்கீல் சொன்னார். படிக்கட்டும். ஊருக்கே தெரிந்த கதையில் மறைக்க என்ன இருக்கிறது? தெரியக் கூடாது என்று நாம் நினைத்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அந்த ஆளுக்கும் இப்போது தெரியும். நான்தான் சொன்னேன்.

“பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதப்பா. அப்பா சிங்கப்பூர்ல வேலைக்குப் போயிருக்குன்னு சொல்லு” என்று போன் பண்ணும்போதெல்லாம் நீ சொன்னாய். நானும் சரி சரி என்று தலையாட்டினேன். போன வாரம் உன் மகளை மடியில் உட்கார வைத்து, அப்பா ஆந்திராவில் செம்மரம் வெட்டியதற்காக ஜெயிலில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ரேவதி என்னோடு பேசுவதில்லை. தட்டில் சோறு போட்டு முன்னால் வைக்கிறாள், ‘மாமா’ என்று கூப்பிடுவதில்லை. உனக்கும் கோபம் வரும். வரட்டும். ஆனால் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு. வாரத்துக்கு ஒரு முறை வருகிற போனில், பக்கத்தில் உன் பெண்டாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, இவ்வளவையும் பேச முடியாது.

நம் பக்கத்தில் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று உனக்கே தெரியும். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். வெயிலில் ஓடினால் பிள்ளை பிடிக்கிறவன் சாக்கில் போட்டுக்கொண்டு போவான். அழுதால் டாக்டர் ஊசி போடுவார். சாப்பிடாவிட்டால் போலீஸ் வரும். ஏன் சாப்பிட வேண்டும், ஏன் பொய் சொல்லக் கூடாது என்று யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. நேரம் ஏது? விடிந்ததும் கரும்பு வெட்டப் போகவேண்டியவள் ரேவதி. பிள்ளை வாயில் சோற்றை அடக்கிக்கொண்டு காக்காயைப் பார்த்துக்கொண்டிருக்கும். ‘சாப்பிடு, போலீஸ் வருது’ என்றால் ஒரே விழுங்கு, வேலை முடிந்தது. உன்னையும் அப்படித்தான் வளர்த்தோம். உன் அம்மா உயிரோடு இருந்தபோது அவள் சொல்லாத நாள் கிடையாது. நான் பஸ்ஸை விட்டுவிட்டு டிரைவர் காக்கிச் சட்டையோடு வீட்டுக்குள் நுழைந்தால், ‘தோ பாரு, வந்துட்டாங்க’ என்று என்னையே போலீஸாக்கிக் காட்டுவாள். நீ பயந்து இரண்டு வாய் வாங்கிக்கொள்வாய். நாங்கள் சிரிப்போம்.

நீ பிடிபட்ட சேதி எங்களுக்கு வந்து சில நாள் ஆகியிருந்தது. வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. பாப்பாவுக்கு ரேவதி மத்தியானச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அது எப்போதும்போல வாயை இறுக்கி மூடிக்கொண்டது. ரேவதிக்கு இருந்த ஆத்திரத்தில், “இப்ப நீ துன்றியா, இல்ல போலீஸ கூப்புடவா?” என்று கத்தினாள். கத்தி வாய் மூடவில்லை, வாசலில் பைக் வந்து நின்றது. ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர். முகவரியைச் சரிபார்க்க வந்தவர்கள். குறை சொல்லக் கூடாது, மரியாதையாகத்தான் பேசினார்கள். செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். ஒருவர் உன் பெயரைச் சொல்லி, “இது அவரு வூடுதானே?” என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். திரும்பிப் பார்த்தால் உன் மகள் ரேவதி கையிலிருந்த தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் சோற்றை அள்ளி அள்ளி வாயில் திணித்துக்கொண்டிருக்கிறாள். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, மெல்லவுமில்லை, நிறுத்தவுமில்லை. அந்த நேரத்தில் எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. வந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதிலேயே புத்தி இருந்தது.

அதற்குப் பிறகு உன் மகளைப்போல ஒரு பிள்ளையை நீ பார்த்திருக்க முடியாது. பாகற்காயைப் போட்டாலும் தின்னும். கடைக்குக் கூட்டிப்போனால் எதையும் கேட்காது. பால்வாடியில் தடுப்பூசி போட்ட அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் ஊரைக் கூட்ட, இது மட்டும் கையை நீட்டிக்கொண்டு சும்மா நின்றதாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, “எப்டி தாத்தா வளக்கறீங்க, இவ்ளோ ஒழுக்கமா கீது!” என்றார். நானும் மீசையைத் தடவிக்கொண்டு வந்தேன். அப்பன் போனாலும் பிள்ளை நல்லபடியாக வருகிறது என்று ரேவதியும் எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டாள். நாலரை வயதுப் பிள்ளை சிரிப்பதில்லையே, அடம் பிடிப்பதில்லையே, எங்கேயோ இடிக்கிறதே என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. நமக்குத் தொந்தரவு கொடுக்காத பிள்ளையைத்தானே நல்ல பிள்ளை என்கிறோம்.

உன்னையும் நல்ல பிள்ளை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் உன்னை வெள்ளிமலை வண்டியில் என் பக்கத்து இன்ஜின் பெட்டிமேல் உட்கார வைத்துக் கூட்டிப்போவேன். சூடு தாங்காமல் கோணிப்பை போட்டு உட்காருவாய். சந்தை நாளில் மலைமேலிருந்து கிளம்பினால் உள்ளே ஒரு கூட்டம், டாப்பில் ஒரு கூட்டம். பலாப்பழமும் கடுக்காய் மூட்டையும் அவற்றின்மேல் ஆட்களுமாக வண்டி கொண்டை ஊசி வளைவில் சாய்ந்து திரும்பும். டாப்பில் ஆள் ஏற்றக் கூடாது என்பது எனக்குத் தெரியாததா? எதிரே கச்சிராயபாளையத்திலிருந்து ஏறி வருகிற வண்டிக்காரன் ஹெட்லைட்டைப் போட்டு அணைத்துக் காட்டுவான். கீழே செக்கிங் நிற்கிறது என்று அர்த்தம். உடனே நான் ஓரம் கட்டுவேன். டாப்பில் இருப்பவர்கள் இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடந்துபோய், செக்கிங் தாண்டி ஏறிக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் எனக்கு முன்னால் நீயே கண்டுபிடித்துவிடுவாய். “அப்பா, லைட்டு!” என்று கத்துவாய். கண்டக்டர் உன்னைத் தூக்கி, “எமகாதகன்டா இவன்” என்று கொஞ்சுவார். எனக்கும் பெருமை தாங்காது.

சட்டம் என்றால் லைட் அடித்த இடத்திலிருந்து செக்கிங் வரைக்கும்தான் என்று உனக்கு நான்தான் பாடம் நடத்தினேன். ஒரு நாளும் உன்னிடம், ‘டாப்பில் இருக்கிறவன் விழுந்தால் செத்துப்போவான், அதனால்தான் ஏற்றக் கூடாது’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால், ‘அப்புறம் ஏன்பா ஏத்தற?’ என்று கேட்டிருப்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஊரில் பாதி அப்பன்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். பனைமரத்தடியில் உட்கார்ந்து பால் குடித்தாலே ஊர் கள் என்று சொல்லும். நான் கள்ளையே குடித்துக்கொண்டு உன்னிடம் பால் என்று காட்டினேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நீ இரண்டாவது படிக்கும்போது காகிதக் கப்பல் விட ஆசைப்பட்டுப் பக்கத்துக் காட்டுக்காரரின் மடையைத் திறந்துவிட்டாய். தண்ணீர் பாய்ந்து அவருடைய நாற்றங்கால் முழுக்க அடித்துக்கொண்டு போனது. நட வேண்டிய நாற்று. மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நான் போய் அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். தெரிந்த இடத்திலெல்லாம் நாற்று கேட்டு வாங்கி, வண்டி டாப்பிலேயே ஏற்றிக்கொண்டு வந்து, லீவு போட்டு அவரோடு நின்று நடவும் முடித்துக்கொடுத்தேன். அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய்? வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாய். பிள்ளை பயந்துவிடுவான், அந்தாள் ஏதாவது சொல்லிவிடுவார் என்று உன் அம்மா உன்னை வெளியே விடவில்லை. நானும் சரி என்றேன். உன்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்த வரப்பில் நிறுத்தி, காலியாகக் கிடந்த பாத்தியைக் காட்டியிருந்தால் போதும். அது அடியைவிடப் பெரியது. அதைத்தான் செய்யாமல் விட்டேன். நீ திறந்த தண்ணீர் எங்கே போய் எதை அழித்தது என்று இன்றைக்குவரைக்கும் நீ பார்க்கவில்லை.

முதல் தடவை நீ ஆந்திரா போய்வந்தபோது, “பெயின்ட் அடிக்கிற வேலைன்னு சொல்லித்தாம்பா மேஸ்திரி கூப்ட்டுக்கினு போனாரு, அங்க போனப்புறம்தான் தெரிஞ்சிது” என்று நீ சொன்னதை நம்பினேன். மலையிலிருந்து உன்னோடு வந்த பையன்களும் அதையேதான் சொன்னார்கள். ஒரு தடவை ஏமாந்தாய், சரி. இரண்டாம் தடவை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாயே, அப்போது யார் உன்னை ஏமாற்றியது? நானும் வாசலில்தான் நின்றேன். “ஜாக்கிரதை” என்றேன். போகாதே என்று சொல்லவில்லை. மாட்டிக்கொள்ளாதே என்றுதான் அதற்கு அர்த்தம். உனக்கு அது புரிந்தது, தலையாட்டிவிட்டுப் போனாய்.

இனி நான் சொல்லப்போவதை ரேவதி உனக்குச் சொல்லியிருக்கமாட்டாள். சொல்ல அவளுக்கு மனம் வராது.

கொஞ்ச நாள் முன்னால் ரேவதி இட்லிக்கு மாவாட்டி வைத்திருந்தாள். நான் கிணற்று மோட்டார் போட வயல்காட்டுப் பக்கம் போயிருந்தேன். பாப்பா எதையோ எடுக்க எட்டி, மாவுக் குண்டானைக் கவிழ்த்துவிட்டது. சத்தம் கேட்டு ரேவதி உள்ளே போனால் தரையெல்லாம் மாவு, பிள்ளையைக் காணோம். தெருவில் கேட்டாள், பால்வாடியில் பார்த்தாள், கோயில் பக்கம் ஓடினாள். என்னைத் தேடிக்கொண்டு காட்டுக்கு ஓடி வந்தாள். கிணற்றை மட்டும் கையால் காட்டினாள். அவளேதான் போய் எட்டிப் பார்த்தாள். எத்தனை வளைவில் வண்டியை ஒடித்துத் திருப்பியவன், அந்தக் கிணற்றடிக்கு நாலடி எடுத்து வைக்க முடியாமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். கிணற்றில் இல்லை.

கடைசியில் பக்கத்துக் காட்டில் கரும்பு வெட்டியபின் குவித்துவைத்திருந்த காய்ந்த சோகை இலைக் குவியலுக்குள் இருந்தாள். கண்ணாடிவிரியன் கிடக்கிற இடம் அது. சோகையை இழுத்துத் தன்மேல் போட்டு மூடிக்கொண்டு, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோகை அறுத்து முகம், கை, கழுத்தெல்லாம் ரத்தக்கோடு. அழவில்லை. நாங்கள் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு பக்கத்திலேயே நடந்தபோதுகூட மூச்சு விடவில்லை. நான் சோகையை விலக்கியதும் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “போலீஸ் வந்துட்டாங்களா தாத்தா?”

தூக்கிக்கொண்டு வந்து மோட்டார்த் தண்ணீரில் காயத்தைக் கழுவினேன். எரிந்திருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்: “தாத்தா, அப்பா எத்த சாப்புடாம வச்சிச்சி?”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. அவளுக்குச் சிங்கப்பூரும் தெரியாது, செம்மரமும் தெரியாது. அப்பா வீட்டில் இல்லை. போலீஸ் வந்து அப்பா பெயரைச் சொன்னது. சாப்பிடாதவர்களைத்தான் போலீஸ் பிடிக்கும். நாம் சொல்லிக்கொடுத்ததை ஒன்று விடாமல் சேர்த்துவைத்து, அப்பா எங்கோ ஒரு தட்டில் சோறு மிச்சம் வைத்துவிட்டார், அதற்குத்தான் இத்தனை நாளாக அவரைத் திருப்பி அனுப்பவில்லை என்று முடிவு கட்டியிருக்கிறது குழந்தை. சோற்றுக்கே இவ்வளவு என்றால், ஒரு குண்டான் மாவைக் கொட்டியதற்கு என்ன செய்வார்கள்? அதுதான் சோகைக்குள் போய் ஒளிந்துகொண்டது. பிள்ளை வளர்க்கிற லட்சணத்தைப் பார்.

ரேவதியிடம் இனி போலீஸ் பேச்சே வேண்டாம் என்றேன். அழுதாள், சரி என்றாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றபோதுதான் அவள் வேறு ஆளாகிவிட்டாள். “உங்களுக்கு இன்னா மாமா தெரியும்? நாளைக்கி பள்ளிக்கூடத்துல புள்ளைங்க திருடன் பொண்ணுன்னு சொல்லும். அத்த கேட்டுக்கினு எப்டி வளரும்? கொழந்ததானே, மறந்துடும் உடுங்க” என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நானும் சில நாள் விட்டுத்தான் பார்த்தேன். போலீஸ் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் உன் மகள் தட்டை வழித்து வழித்துத் தின்றாள். பைக் சத்தம் கேட்டால் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டாள். தூக்கத்திலும் “துன்னுட்டேன், துன்னுட்டேன்” என்றாள். சொன்னதை நிறுத்தினால் மட்டும் போதாது என்று எனக்குத் தெரிந்துபோனது. பொய்யைச் சொல்லிக் குத்திய முள், உண்மையைச் சொல்லாமல் வெளியே வராது.

அதனால் சொன்னேன். ரேவதி வேலைக்குப் போயிருந்தாள். மடியில் உட்கார வைத்து, என்னால் முடிந்த அளவுக்கு எளிமையாகச் சொன்னேன். அப்பா சாப்பாட்டை மிச்சம் வைக்கவில்லை. சாப்பிடாத பிள்ளைகளை எந்தப் போலீஸும் பிடிக்காது, நாங்கள் சொன்னது பொய். மாவைக் கொட்டினால் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பா, காட்டில் வெட்டக் கூடாத மரத்தை வெட்டினார். அது அவருடைய மரம் இல்லை. அதனால் பிடித்து வைத்திருக்கிறார்கள். வர ரொம்ப நாள் ஆகும்.

அவள் யோசித்தாள். “டீச்சரு பூ பறிக்கறதுன்னா கேட்டுட்டுப் பறிக்கணும்னு சொல்வாங்க. அப்பா கேக்கலியா?”

“கேக்கலம்மா.”

“வெட்டக் கூடாதுன்னு அப்பாக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. “தெரியும்” என்றேன்.

“தெரிஞ்சிக்கினே வெட்டுச்சா?”

“ஆமாம்மா.”

“புடிச்சிக்கினு போயிட்டா என்னை வந்து பாக்க முடியாதுன்னும் தெரியுமா?”

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மடியிலிருந்து இறங்கினாள். இறங்கி நின்று என் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள். மூச்சு முட்ட அழுதாள். தரையில் புரண்டு, காலை உதைத்து, பக்கத்துத் தெரு கேட்கிற மாதிரி கத்தினாள். “அப்பா வாணாம் போ! அப்பா வாணாம்!” அவ்வளவு நாள் அழாத அழுகை முழுவதும் ஒரே மூச்சில் வந்தது. நான் தடுக்கவில்லை. என் பேத்தி உன்னைத் திட்டித் திட்டி அழுவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆனால் அது ஒரு குழந்தையின் அழுகையாக இருந்தது. வேலையிலிருந்து வந்த ரேவதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பெத்த அப்பன வெறுக்க வச்சிட்டீங்களே” என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை.

நாளைக்கு அவள் வளர்ந்து இன்னொன்றும் கேட்பாள். வெட்டியவனைப் பிடித்தார்களே, கூட்டிப்போன மேஸ்திரி ஏன் டீக்கடையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று. தப்புச் செய்தால் தண்டனை உண்டு என்று நான் சொல்லிக்கொடுத்தது பாதிதான் உண்மை என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியவரும். அதற்குள் நான் இருக்கமாட்டேன். நீதான் சொல்லியாக வேண்டும்.

இப்போதைக்கு உனக்கு வேறு வேலை இருக்கிறது. அவள் கடைசியாகக் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்றேன் அல்லவா? அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை. பையை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு அவள் ஞாபகம் உனக்கு வந்ததா, வந்தும் போனாயா என்பது உனக்குத்தான் தெரியும். அதை நீயேதான் அவளிடம் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் வேண்டாம், மேஸ்திரி வேண்டாம், பொம்மை வாங்கி வருகிறேன் என்பதும் வேண்டாம். தெரிந்தே செய்தேன், தப்புத்தான் என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்.

ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஸ்பீக்கரில் போடுகிறேன். அவள் உன்னோடு பேசமாட்டேன் என்கிறாள். நீ திறந்துவிட்ட மடைக்கு நான் போய்க் கெஞ்சி நின்றதுபோல, இதற்கும் நான் முன்னால் போய் நின்று, ‘பாவம் அப்பா, ஒரு வார்த்தை பேசும்மா’ என்று சொல்லிவிட முடியும். சொன்னால் கேட்பாள், நல்ல பிள்ளை. நான் சொல்லப்போவதில்லை. அவள் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். உனக்குக் கொடுத்த நேரம் முடிகிறவரைக்கும் நீ பேசு.

உன் அப்பா